புல் வெளுப்பது யூரியா போதாமல் இல்லை, டீச்சர்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. தர்மபுரியில் பென்னாகரம் சாலையை ஒட்டிய ஒரு மனைப்பிரிவில் வீடு கட்டிக் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. வாசலுக்கு முன்னால் 2 சென்ட் இடத்தில், ஓசூரிலிருந்து புல் ஷீட் கொண்டுவந்து பதித்தோம். முதல் மூன்று மாதம் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. அப்புறம் திட்டுத் திட்டாக வெளுக்க ஆரம்பித்துவிட்டது. மாதம் 2 கிலோ யூரியா போடுகிறேன். ஒரு வாரம் பச்சை, மறுபடி மஞ்சள். பெங்களூரில் இருக்கும் மகன், தன் அபார்ட்மென்ட் தோட்டக்காரரைக் கேட்டுவிட்டுச் சுண்ணாம்பு போடச் சொல்கிறான். பக்கத்து வீட்டுக்காரர் ஜிப்சம் போடச் சொல்கிறார். மண் பரிசோதனையும் செய்துவிட்டேன். ஆனால் ரிப்போர்ட்டில் கம்பு நேப்பியருக்கு உரப் பரிந்துரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்! நகல் இணைத்திருக்கிறேன். எதைப் போடுவது, எதை விடுவது? ஏரி வண்டல் ஒரு லோடு கிடைக்கும் என்கிறார்கள், கொட்டலாமா?

பதில்: டீச்சருக்கு வணக்கம். கம்பு நேப்பியர் சமாச்சாரத்தை முதலில் முடித்துவிடலாம். விண்ணப்பத்தில் 'பயிர்' என்ற இடத்தில் நீங்கள் 'புல்' என்று எழுதியிருப்பீர்கள். எங்கள் ஆய்வுக்கூடங்களில் புல் என்றால் மாடு தின்பதுதான். ஆளுயரம் வளர்ந்து, 45 நாளுக்கு ஒருமுறை அறுபட்டுக் கட்டுக்கட்டாக வண்டியேறும் தீவனப் புல்லுக்கு எழுதிய உர அளவு அது. உங்கள் வாசல் புல்லுக்கு அதைப் போட்டால் வாரம் இரண்டு தடவை வெட்ட வேண்டியிருக்கும், இல்லை கருகிப் போகும். அந்தப் பாதியை மடித்து உள்ளே வைத்துவிடுங்கள். மேல் பாதியில் இருக்கும் எண்கள் உங்கள் மண்ணுடையவை. நமக்கு வேண்டியது அதுதான்.

மற்ற வாசகர்களுக்காக அந்த எண்களை இங்கே எழுதிவிடுகிறேன். கார அமில நிலை, அதாவது பி.எச்., 8.4; 7 நடுநிலை, அதற்கு மேல் காரம். உப்பின் அளவைச் சொல்லும் மின் கடத்தும் திறன் 0.4. மண்ணில் மக்கிக் கிடக்கும் பொருளின் அளவைச் சொல்லும் அங்ககக் கரிமம் 0.28 சதவீதம். ஹெக்டேருக்குத் தழைச்சத்து என்கிற நைட்ரஜன் 140 கிலோ, மணிச்சத்து என்கிற பாஸ்பரஸ் 9 கிலோ, சாம்பல் சத்து என்கிற பொட்டாஷ் 310 கிலோ. இரும்பு 2.8 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2.8 பங்கு), துத்தநாகம் 0.7 பிபிஎம். எல்லாவற்றுக்கும் கீழே, முத்திரை பாதி மறைத்த ஒரு வரி: சுண்ணாம்புத் தன்மை, அதிகம்.

இந்தத் தாள்களைப் படித்தே பிழைத்தவன் நான். எல்லோரும் மேலிருந்து படிப்பார்கள், தழைச்சத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு உரக்கடைக்குக் கிளம்பிவிடுவார்கள். எனக்குக் கீழிருந்து படிக்கிற பழக்கம். உங்கள் தாளில் அந்தக் கடைசி வரிதான் மற்ற எல்லா எண்ணையும் ஆட்டிவைக்கிறது. தழைச்சத்து 280-க்குக் கீழ் இருந்தால் குறைவு, மணிச்சத்து 11-க்குக் கீழ் இருந்தால் குறைவு, சாம்பல் சத்து 280-ஐத் தாண்டினால் அதிகம். இது தமிழ்நாடு முழுக்க நாங்கள் வைத்துப் பார்க்கும் கணக்கு. அதன்படி உங்களுக்குச் சாம்பல் சத்து தாராளம், மற்ற இரண்டும் பற்றாக்குறை. உப்பு 1-க்குக் கீழ் இருப்பதால் அந்தக் கவலை இல்லை. இரும்பு சாதாரண மண்ணில் 3.7 பிபிஎம் இருந்தால் போதும், சுண்ணாம்பு மண்ணில் 6.3 வேண்டும். உங்களிடம் இருப்பது 2.8. துத்தநாகமும் இருக்க வேண்டிய 1.2-ஐத் தொடவில்லை.

சுண்ணாம்பு இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடலாம். புல்லில்லாத ஒரு திட்டில் காய்ந்த மண்கட்டி ஒன்றை எடுத்துத் தட்டில் வையுங்கள். மேலே அரை மூடி எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துவிட்டுக் காதருகே கொண்டுபோங்கள். சொய்ங் என்று மெல்லிய சத்தம் கேட்கும், கட்டியைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழ் கிளம்பும். குமிழ் நிறைய வந்தால் ஆய்வுக்கூடம் எழுதிய 'அதிகம்' சரிதான்.

அடுத்து, புல்லை ஒரு முறை உட்கார்ந்து பாருங்கள். முட்டி வலி இருந்தால் பேரப்பிள்ளையை உட்காரச் சொல்லுங்கள். மஞ்சள் எந்த இலையில் தொடங்கியிருக்கிறது என்பதுதான் கேள்வி. தழைச்சத்து போதாத புல்லில் அடியிலிருக்கும் கிழட்டு இலை முதலில் மஞ்சளாகும், குருத்து பச்சையாக இருக்கும். பற்றாக்குறை வந்தால் புல் பழைய இலையிலிருந்து தழைச்சத்தை உருவிக் குருத்துக்குக் கொடுத்துவிடும். இரும்பு அப்படி நகராது. பழைய இலையில் இருக்கும் இரும்பு அங்கேயே கிடக்கும், புதிதாக வரும் குருத்துக்குக் கிடைக்காது. அதனால் அடி இலை பச்சையாகவும் குருத்து வெளுத்தும் இருக்கும். குருத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நரம்பு மட்டும் பச்சைக் கோடாகவும், இடைவெளி வெளிர் மஞ்சளாகவும் தெரியும், கோடு போட்ட நோட்டுத் தாள் மாதிரி. நீங்கள் அனுப்பிய படத்தில் எனக்குத் தெரிவது இந்தக் கோடுதான். நம் பக்கத்து நிலக்கடலை வயல்களிலும் சுண்ணாம்பு மண்ணில் குருத்து இப்படித்தான் வெளுக்கும். விவசாயிகளுக்கு இது பழகிய காட்சி.

யூரியா போட்டதும் ஒரு வாரம் பச்சை வருவதும் அதனால்தான். தழைச்சத்தும் குறைவுதானே, கொஞ்சம் பச்சை பிடிக்கிறது. அந்த வேகத்தில் புது இலை சரசரவென்று கிளம்புகிறது. கிளம்பிய இலைக்கு இரும்பு இல்லை, வெளுக்கிறது. 2 கிலோ யூரியாவில் 920 கிராம் தழைச்சத்து. 2 சென்ட் புல்தரைக்கு வளரும் பருவத்தில் மாதம் 200 கிராம் போதும். நாலு பங்குக்கு மேல் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அதுவும் காரத்தன்மை உள்ள மண்ணில் யூரியாவை மேலே தூவிவிட்டுத் தண்ணீர் தாமதித்தால், ஒரு பங்கு அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும்.

இப்போது சுண்ணாம்பு. உங்கள் மகன் சொன்னதில் தப்பில்லை, ஊர்தான் தப்பு. பெங்களூரின் செம்மண் பெரும்பாலும் அமிலப் பக்கம் சாய்ந்தது. அங்கே புல்தரைக்குச் சுண்ணாம்பும் டோலமைட்டும் தூவுவது சரியான வைத்தியம். அந்தத் தோட்டக்காரர் தன் மண்ணை அறிந்தவர். அதே வைத்தியத்தை 130 கிலோமீட்டர் தள்ளி இங்கே செய்தால், ஏற்கெனவே சுண்ணாம்பு தின்று வாய் வெந்து கிடக்கும் மண்ணுக்கு இன்னொரு வெற்றிலை மடித்துக் கொடுப்பது போல. சுண்ணாம்பு வேண்டாம். அடுப்புச் சாம்பலும் வேண்டாம், அதுவும் காரம்தான்.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன ஜிப்சம் கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம். அவர் வீட்டில் நிலக்கடலை போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். கடலைக்கு மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போடுவது நம் பக்கம் வழக்கம். அது காய் திரள்வதற்கான கால்சியத்துக்கும் கந்தகத்துக்கும். மண்ணின் காரத்தைக் குறைக்கவும் ஜிப்சம் போடுவார்கள், ஆனால் அது சோடியம் ஏறிப்போன களர் மண்ணுக்கு. களர் மண்ணில் கார அமில நிலை 8.5-ஐத் தாண்டி 9, 10 என்று போகும், மழை பெய்தால் மேலே கலங்கல் தண்ணீர் மணிக்கணக்கில் நிற்கும். உங்கள் 8.4 சுண்ணாம்பு கொடுக்கும் எண். அதை ஜிப்சம் அசைக்காது. ஆனால் அவர் சொன்னது ஒரு நாள் சரியாகவும் போகலாம். தண்ணீர் விஷயத்துக்கு வரும்போது சொல்கிறேன்.

'கந்தகம் போட்டால் காரம் குறையுமாமே' என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். குறையும், சுண்ணாம்பு இல்லாத மண்ணில். உங்கள் 2 சென்ட்டில் மேல் அரை அடி மண் சுமார் 17 டன் எடை. அதில் 1 சதவீதம்தான் சுண்ணாம்பு என்று வைத்துக்கொண்டால்கூட 170 கிலோ ஆகிறது. அதைக் கரைத்து முடிக்க 50 கிலோவுக்கு மேல் கந்தகம் வேண்டும். 'அதிகம்' என்று எழுதும் மண்ணில் சுண்ணாம்பு 1 சதவீதத்தோடு நிற்பதுமில்லை. கந்தக மூட்டைகளை வாசலில் அடுக்கிக்கொண்டே போகலாம், சுண்ணாம்பு தீராது. 8.4-ஐ 7 ஆக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். அந்த எண்ணோடு குடும்பம் நடத்தக் கற்றுக்கொள்வதுதான் வழி.

இரும்பு குறைவு என்றால் இரும்பைப் போட்டால் ஆயிற்று என்றுதான் நானும் நினைத்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சொந்தக்காரர் ஒருவர் வீட்டுப் புல்லுக்கு 3 கிலோ அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட், வாங்கி மண்ணில் தூவினேன். அன்னபேதி பார்த்திருப்பீர்கள், கற்கண்டு மாதிரி உடைந்த வெளிர்பச்சைப் பரல். ஈரமண்ணில் விழுந்த பரலைச் சுற்றி மாலைக்குள் ஆரஞ்சு வட்டம் கட்டியது. மறுநாள் காலையில் பச்சை எதுவும் மிச்சமில்லை, எல்லாம் பழுப்புத் துரு. சுண்ணாம்பு மண் இரும்பைத் துருவாக்கி உட்கார வைத்துவிடும், வேர் அதைத் தொட முடியாது. அந்த மாமா இன்றுவரை கல்யாண வீடுகளில் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

ஆகவே இரும்பை இலை வழியாகக் கொடுங்கள். 10 லிட்டர் தண்ணீரில் முதலில் 10 கிராம் சிட்ரிக் அமிலம், அதாவது மளிகைக் கடை எலுமிச்சை உப்பைக் கரைத்து, பிறகு 50 கிராம் அன்னபேதியைக் கரையுங்கள். வரிசை முக்கியம், மாற்றிப் போட்டால் கரைசல் பழுத்துவிடும். கரைத்த உடனே, வெயில் இறங்கிய நேரத்தில் கைத்தெளிப்பானால் இலை நனையத் தெளிக்க வேண்டும். உங்கள் இடத்துக்கு 10 லிட்டர் தாராளம். 10 நாள் இடைவெளியில் மூன்று முறை தெளித்தால் குருத்து பச்சை திரும்புவது தெரியும். முதல் தடவை ஒரு முழம் இடத்தில் மட்டும் தெளித்து, இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தொடருங்கள். சிமென்ட் நடைபாதை மீதும் திண்ணை மீதும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், துருக்கறை லேசில் போகாது. கடையில் 'செலேட்டட் அயர்ன்' என்று ஒரு பாக்கெட் கொடுப்பார்கள். ஈ.டி.டி.ஏ. என்று போட்டிருந்தால் அதை மண்ணில் போடுவது வீண், 8.4-இல் அது நிற்காது. ஈ.டி.டி.எச்.ஏ. என்று போட்டிருந்தால் மண்ணிலேயே போடலாம், விலைதான் கையைக் கடிக்கும்.

இதெல்லாம் முதலுதவி. புல்லுக்கு நிஜமான நோய் அங்ககக் கரிமம் 0.28 என்ற எண்ணில் இருக்கிறது. தர்மபுரி மண் வளமில்லாத மண்தான் என்று சலித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மனைக்கு எதிரிலுள்ள சாகுபடிக் காட்டில் மண் எடுத்துச் சோதித்தாலும் இதைவிடக் கொஞ்சம் மேலே இருக்கும் என்று நினைக்கிறேன். மனைப்பிரிவு போடும்போது மேல்மண் வழிக்கப்பட்டிருக்கும். அஸ்திவாரத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் தோண்டிய அடிமண்ணை வாசலில் பரப்பி மட்டம் தட்டியிருப்பார்கள். அதன் மீது ஆறு மாதம் ஜல்லி லாரி ஏறி இறங்கியிருக்கும். கலவை போட்ட இடத்தில் சிமென்ட் பால் வேறு இறங்கியிருக்கும். ஆக, நீங்கள் புல்லைப் பதித்தது மண்ணின் மீதில்லை, ஐந்தடி ஆழத்தில் கிடந்த சுக்கான் மீது, அதாவது சுண்ணாம்புக் கட்டி நிறைந்த அடிமண் மீது.

இதை ரிப்போர்ட் சொல்லாது, கடப்பாரைதான் சொல்லும். நன்றாக வெளுத்த திட்டு ஒன்றில் ஓர் அடி ஆழத்துக்கு ஒரு குழி போடுங்கள். அதற்கு முன் அந்த இடத்துப் புல்லை ஓரத்தில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். கல்லில் வெந்த தோசை மாதிரி அப்படியே எழுந்து வந்தால், பதித்த நாளிலிருந்து வேர் கீழே இறங்கவே இல்லை என்று அர்த்தம். அடிப்பக்கத்தைத் திருப்பினால் ஓசூரிலிருந்து வந்த ஓர் அங்குலச் செம்மண் களி அப்படியே ஒட்டியிருக்கும். வெள்ளை வேர்கள் அந்தக் களியின் எல்லை வரை வந்து, கீழே போக வழியில்லாமல் பக்கவாட்டில் பாய் முடைந்த மாதிரி பின்னிக் கிடக்கும். முதல் மூன்று மாதம் உங்கள் புல் பிழைத்தது அந்த ஓர் அங்குல ஓசூர் மண்ணில். அது தீர்ந்ததும் வெளுத்துவிட்டது.

குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி வடியவிட்டு, மறுபடி ஒரு குடம் ஊற்றுங்கள். இரண்டாவது குடம் நாலு மணி நேரம் கழித்தும் நின்றால், அந்தத் திட்டுக்கு மேலிருந்து எதைப் போட்டும் பயனில்லை. அங்கே மட்டும் புல்லை வரிசையாக எடுத்து நிழலில் ஈரச் சாக்குப் போட்டு வையுங்கள். முக்கால் அடி ஆழத்துக்குக் கொத்தி, சுக்கான் கட்டிகளைப் பொறுக்கி எறிந்துவிட்டு, 2 அங்குல உயரத்துக்கு மக்கிய எருவைக் கலந்து, தண்ணீர் விட்டு அமுங்கவிட்டு, திரும்பப் பதியுங்கள். ஒரு நாள் வேலை. தண்ணீர் வடிகிற இடங்களில் பெயர்க்கத் தேவையில்லை. கடப்பாரையால் முக்கால் அடிக்கு ஒரு குத்து, நாலு விரல்கடை ஆழத்துக்குக் குத்திக்கொண்டே போகச் சொல்லுங்கள். மண் லேசாக ஈரமாக இருக்கிற நாளில் செய்ய வேண்டும். மக்கிய எரு உள்ளே போக அந்த ஓட்டைகள்தான் வாசல்.

எருவுக்கு நம் ஊரில் ஒரு வசதி உண்டு. தர்மபுரி பட்டுக்கூட்டுக்குப் பேர்போன ஊர். சுற்று வட்டாரத்தில் பட்டுப்புழு வளர்க்கும் வீடுகளில் புழுப்படுக்கைக் கழிவு சேரும், மல்பெரி இலைத் துணுக்கும் புழு எச்சமும் கலந்தது. மாட்டெருவைவிடத் தழைச்சத்து அதில் அதிகம். ஆனால் புழு தோலுரிக்கும் சமயத்தில் படுக்கையில் சுண்ணாம்புத் தூள் தூவுவார்கள், நோய் வந்த படுக்கையும் கலந்திருக்கலாம். அதனால் அதை மட்டும் தனியாகப் போடாமல், மாட்டெருவோடு சரிபாதி கலந்து மூன்று மாதம் மக்கவிட்டதாகப் பார்த்து வாங்குங்கள். கையில் அள்ளினால் சாணி வாடை வரக்கூடாது, மழை பெய்த மண் வாடை வர வேண்டும். மக்காத எரு போட்டால் கரையான் கல்யாணம் நடத்தும். நாமக்கல் பக்கத்திலிருந்து வரும் முட்டைக்கோழி எரு மலிவு என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். முட்டை ஓட்டுக்காகக் கோழித் தீவனத்தில் சேர்க்கும் சுண்ணாம்பில் ஒரு பங்கு எருவில்தான் வந்து சேரும். பச்சைத் தென்னை நார்க் கழிவும் வேண்டாம், மக்கும்போது மண்ணிலிருக்கும் கொஞ்சநஞ்சத் தழைச்சத்தையும் அது பிடுங்கிக்கொள்ளும். மக்க வைத்த நார்க் கழிவு நல்லது.

புல் மீது ஒரு தடவைக்குத் தூவ வேண்டியது கால் அங்குல உயரத்துக்கு எரு. உங்கள் இடத்துக்கு சிமென்ட் சாக்கில் 14, 15 சாக்கு. மணல் சலிக்கும் சல்லடையில் சலித்துத் தூவி, தென்னந்துடைப்பத்தால் மெல்லப் பெருக்கிவிடுங்கள். எரு புல்லின் தூரில் இறங்கி, இலை நுனி மேலே தெரிய வேண்டும். நுனி மூடிப்போனால் அதிகம் என்று அர்த்தம். ஆடியில் ஒன்று, புரட்டாசி மழைக்கு முன் ஒன்று, அடுத்த வருடம் கோடை மழை தொட்டதும் ஒன்று, மறுபடி ஆடியில் ஒன்று என்று நாலு தடவையில் ஓர் அங்குலம் சேரும். மழைக்கு முன்னால் போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு: மழைத் தண்ணீரில் சுண்ணாம்பு இல்லை.

முதல் தடவை எருவோடு சத்தையும் கலந்துவிடலாம். எருவை இரண்டு குவியலாகப் பிரித்து, ஒன்றில் இரண்டரை கிலோ சூப்பர் பாஸ்பேட், இன்னொன்றில் 400 கிராம் அன்னபேதியும் 200 கிராம் துத்தநாக சல்பேட்டும் கலந்து, தண்ணீர் தெளித்து ஒரு மாதம் மூடி வையுங்கள். மூன்றையும் ஒரே குவியலில் போடாதீர்கள், சூப்பரும் துத்தநாகமும் ஒன்றை ஒன்று கட்டிப்போட்டுவிடும். நேராக மண்ணில் தூவினால் ஒரே நாளில் துருவாகும் இரும்பு, எருவோடு கலந்து மக்கினால் வேருக்குக் கிடைக்கும் நிலையில் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். மாமா வீட்டில் நான் செய்யத் தவறியது அதுதான். தழைச்சத்துக்கு யூரியாவை நிறுத்திவிட்டு, வளரும் மாதங்களில் மட்டும் மாதம் 1 கிலோ அம்மோனியம் சல்பேட்டை இரண்டு கூடை மணலில் கலந்து தூவி உடனே தண்ணீர் விடுங்கள். அது வேரருகே மண்ணைச் சற்றே அமிலப்படுத்தும், நமக்கு அது லாபம். டிஏபி, காம்ப்ளெக்ஸ், பொட்டாஷ் எதுவும் வேண்டாம். பொட்டாஷ் ஏற்கெனவே கொட்டிக் கிடக்கிறது. மணிச்சத்தை அளவுக்கு மேல் கொட்டினால் இரும்பு இன்னும் இறுகும்.

சரி, தண்ணீர். ரிப்போர்ட்டில் இல்லாத, எனக்கு அதிகக் கவலை தரும் விஷயம் இதுதான். உங்கள் போர்வெல் தண்ணீரை ஊற்றும் வாளியின் உள்பக்கம் வெள்ளைப் படலம் கட்டியிருக்கிறதா? அந்தப் படலம் புல்லிலும் தினமும் கட்டிக்கொண்டிருக்கிறது. நம் மாவட்ட நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டமே வந்தது. புளோரைடு அதிகமுள்ள தண்ணீரில் பல சமயம் பைகார்பனேட்டும் சோடியமும் கூட்டாளியாக வரும். பைகார்பனேட் இரும்பைப் பூட்டும், சோடியம் மண்ணை இறுக்கும். அதனால் போர்வெல்லை 10 நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலில் ஒரு லிட்டர் பிடித்து, பாசன நீர்ப் பரிசோதனைக்குக் கொடுங்கள். வரும் தாளில் 'எஞ்சிய சோடியம் கார்பனேட்' என்ற எண்ணைப் பாருங்கள். 1.25-க்குக் கீழ் என்றால் கவலையில்லை. 2.5-ஐத் தாண்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் ஜெயித்துவிட்டார், ஜிப்சம் தேவைப்படும். அளவை அப்போது கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.

இன்னொன்று. வீட்டில் தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் கருவி மாட்டியிருக்கிறீர்களா? கிருஷ்ணகிரியில் ஒரு வீட்டுப் புல்லுக்கு நான் இரண்டு மாதம் வைத்தியம் பார்த்தேன், ஒன்றும் கேட்கவில்லை. மாதாமாதம் உப்பு மூட்டை வாங்குகிறார்களே, எதற்கு என்று கேட்டபோதுதான் விஷயம் வந்தது. சாஃப்ட்னர் சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு சோடியத்தைத் தண்ணீரில் விடும். துணிக்கும் தலைமுடிக்கும் அது நல்லது, மண்ணுக்கு விஷம். தோட்டக் குழாயைச் சாஃப்ட்னருக்கு முன்னாலிருந்து பிரித்துவிடுங்கள், பிளம்பருக்கு ஒரு மணி நேர வேலை. ஆர்.ஓ. கழிவு நீரை வீணாக்காமல் புல்லுக்கு விடுகிறோம் என்று பலர் பெருமையாகச் சொல்வார்கள். வடிகட்டி ஒதுக்கிய உப்பெல்லாம் அதில்தானே இருக்கிறது? வாசல் தெளிக்கவும் வண்டி கழுவவும் வைத்துக்கொள்ளுங்கள்.

தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் காட்டுவதையும் விட்டுவிடுங்கள். வேர் மேலேயே சோம்பிக் கிடக்கும். கோடையில் வாரம் இரண்டு முறை, மற்றக் காலத்தில் ஒரு முறை, நன்றாக ஊறவிடுங்கள். மறுநாள் ஒரு நீளத் திருப்புளியை மண்ணில் குத்தினால் பிடி வரை போக வேண்டும். வெட்டுகிறவரிடம் மொட்டையடிக்காமல் ஒன்றரை அங்குலம் விட்டு வெட்டச் சொல்லுங்கள். வெட்டிய புல்லை வாரிக் குப்பையில் போடாமல் அங்கேயே சிதறவிடுங்கள், அதுவும் எருதான்.

மறு பரிசோதனை ஒன்றரை வருடம் கழித்துப் போதும். இந்தத் தடவை கேட்டருகே இரண்டு இடத்தில் மட்டும் மண் எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் சிமென்ட் கலவை போட்டார்களோ என்னவோ. அடுத்த முறை தரை முழுக்கப் பத்து இடத்தில், புல்லை விலக்கிவிட்டு நாலங்குல ஆழத்துக்கு ஆங்கில 'வி' எழுத்து மாதிரி வெட்டி எடுத்து, சாக்கில் கொட்டிக் கலந்து, நாலு பங்காக்கி எதிரெதிர் இரண்டை ஒதுக்கி, அரை கிலோ வரும்வரை அப்படியே குறைத்து, நிழலில் காயவைத்துக் கொடுங்கள். 8.4 அப்போதும் 8.3 என்று நிற்கும், மனம் தளர வேண்டாம். அங்ககக் கரிமம் 0.28-லிருந்து 0.4-ஐ நோக்கி நகர்ந்திருந்தாலே நீங்கள் சரியாகச் செய்திருக்கிறீர்கள்.

கடைசியாக அந்த ஏரி வண்டல். காட்டில் கம்போ கேழ்வரகோ போடுகிறவருக்கு வண்டல் வரப்பிரசாதம். வாசல் புல்லுக்கு வேண்டாம். ஏற்கெனவே சுக்கானுக்கு மேலே ஓசூர்க் களி ஓர் அடுக்கு இருக்கிறது, அதற்கு மேல் வண்டல் இன்னோர் அடுக்காகக் காய்ந்து ஓடு கட்டும். அது மட்டுமில்லை, வண்டலோடு கோரைக் கிழங்கு வந்துவிடும். கறுப்பு மணி மாதிரி சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும், சலித்தாலும் ஒன்றிரண்டு தப்பும். புல்தரையில் கோரை புகுந்துவிட்டால் அப்புறம் எனக்கு நீங்கள் எழுதும் கடிதம் மண்ணைப் பற்றி இருக்காது.